ஐந்து தீற்றலில் தீர்த்தம்மா

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிரேசி சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவள் அம்மா எஸ்தர். எஸ்தர் தேன்குன்று தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். கதையில் வருகிற ஓவிய வகுப்பில் வேடியப்பனுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்தவர். அம்மாவும் மகளும் வேறு வேறு மாதிரி சொன்ன இடங்களில் அம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அவர் அங்கே இருந்தார். இருவரும் ஒரே மாதிரி சொன்ன இடங்கள்தான் எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தன. அவற்றையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

தேன்குன்று மலைமேல் இருக்கிற சின்ன ஊர். ஒரு கடைவீதி, ஒரு மாதாகோயில், ஒரு மாரியம்மன் கோயில், ஓர் அரசுப் பூங்கா, அதைப் பார்க்கக் கீழே இருந்து ஏறிவரும் பேருந்துகள். வேடியப்பன் அந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். தரையில் இருக்கும் மூடியைத் தூக்கி உள்ளே வால்வைத் திருகுவார். அவர் நிமிர்வதற்குள் அந்தத் தெருவின் குழாய்கள் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்வது போல இருமத் தொடங்கும். அவர் மனைவி தீர்த்தம்மா பூங்காவில் தோட்ட வேலை பார்த்தாள். புடவைக்கு மேலே அவருடைய பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூவாளியால் ரோஜாப் பாத்திக்கும் டேலியாப் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றுவாள். பிள்ளைகள் இல்லை. பதினேழு வருஷம் இப்படி ஒருவர் தெருவுக்கும் ஒருவர் செடிக்குமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போயிற்று. ஓர் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் போய்விட்டாள்.

போன பிறகுதான் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. கல்யாணப் போட்டோக்கள் ஒழுகிய கூரைக்குக் கீழே இருந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அதற்கப்புறம் யாராவது போனைத் தூக்கினால், “என்னைய எதுக்கு, பூவ எடுங்க” என்று திரும்பிக்கொள்வாள். ஆதார் அட்டையில் இருந்ததை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிப் பட்டுப்புடவை உடுத்திக் கொடுத்தார், வேடியப்பன் அதைப் பார்த்துவிட்டு, “இது யாருங்க?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணை மூடினால் காய்ச்சலில் கிடந்த முகம் வந்தது. அதற்கு முந்தின பதினேழு வருஷத்து முகம் வர மறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக, மூக்குத்தி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதுகூட அவருக்கு நிச்சயமில்லாமல் போயிற்று.

அந்தத் தை மாதம் நூலகத்தின் ஏற்பாட்டில் பூங்காவில் ஓவிய வகுப்பு தொடங்கியது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், எண்ணெய் வண்ணம். எஸ்தர்தான் அவரிடம், “போட்டோ இல்லன்னா என்ன, வரஞ்சுக்கலாம் வாங்க” என்றார். சொல்லித்தர வந்தவள் நிலோஃபர், இருபத்து நான்கு வயது, ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுச் சேலத்திலிருந்து முதல் பேருந்தில் ஏறி வருவாள். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் என்ன வரைய ஆசை என்று கேட்டாள்.

“ஒரு ஆள் வரையணும் டீச்சர். மாலை போடறதுக்கு,” என்றார் வேடியப்பன்.

தன்னைவிட இருபது வயது மூத்தவர் டீச்சர் என்றதில் அவளுக்குக் கூச்சம். “ஆள் எல்லாம் கடைசியிலதாண்ணா. மொதல்ல தோட்டம்.”

அவள் சொல்லித்தந்த முறை அவருக்குத் தலைகீழாக இருந்தது. வால்வு மூடிகளுக்கு எனாமல் பெயின்ட் அடித்துப் பழகிய கை, மூலையிலிருந்து மூலைவரை தடம் தெரியாமல் நிரப்புகிற கை. அவளோ, தடம் தெரியட்டும், வைத்த தூரிகைத் தீற்றலை வைத்த இடத்தில் விட்டுவிட்டுக் கையை எடுங்கள், தடவாதீர்கள் என்றாள். வண்ணப் பெட்டியில் கறுப்பே இல்லை.

“கறுப்பு இல்லாம நெழலுக்கு என்ன பண்றது டீச்சர்?”

“நெழல் என்ன நெறம்னு போய்ப் பார்த்துட்டு வாங்க.”

போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். “கத்தரிப்பூ நெறம்.”

“அதான்.”

மூன்றாம் வாரம் அவர் ஒரு கல்வாழைச் செடியை இலை இலையாக வரைந்துகொண்டிருந்தார். நிலோஃபர் பின்னால் வந்து நின்று, “எத்தனை ஆச்சுண்ணா?” என்றாள். “இது நாப்பத்தி ரெண்டாவது இலைங்க டீச்சர்.” எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிலோஃபர் வண்ணம் வழிக்கிற தட்டைக் கத்தியால் நாற்பத்திரண்டு இலைகளையும் வழித்து எடுத்துவிட்டு, அவரைத் திரும்ப உட்கார வைத்தாள்.

“கண்ணப் பாதி மூடுங்க. இப்ப இலை தெரியுதா?”

“இல்ல.”

“என்ன தெரியுது?”

அவர் நெடுநேரம் பார்த்தார். பாதி மூடிய கண்ணில் இலைகள் போய்விட்டன, செடிகள் போய்விட்டன, பாத்தியின் கரைக்கல்கூடப் போய்விட்டது. மஞ்சளாகவும் நீலமாகவும் வெளிச்சம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் குனிந்து நிற்கலாம் போல இருந்தது. அந்தப் பக்கம் ரோஜாப் பாத்தி என்பதைக் கவனித்த எஸ்தர் தன் படத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வந்தது. சாலை ஓரத்தில் நின்றபடியே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம் வந்தது, ஊரில் சிலர் அவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் வரைந்த பூங்காவில் நடைபாதை படத்தின் முன்விளிம்பில் தொடங்கி, ரோஜாப் பாத்தியையும் டேலியாப் பாத்தியையும் சுற்றி, பூவாளிகளை நிரப்பும் குழாயடியையும் கல் பெஞ்சையும் தொட்டு, இடது ஓரத்தில் வெளியே போயிற்று. பாதைமேல் கத்தரிப்பூ நிழலும் ரோஜாநிற வெயிலும் மாறி மாறிக் கிடந்தன. “அண்ணா, இது வெயில் அடிக்குது,” என்றாள் நிலோஃபர், அது அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

ஒன்பதாம் வாரம் ஆள். ஆளில்லாத தோட்டத்தில் பார்க்கிறவர் கண் உட்கார இடமில்லாமல் சுற்றும், அதனால் ஒரே ஓர் ஆள், தூரத்தில் என்றாள் நிலோஃபர். “மூக்கு முழி எல்லாம் வேண்டாம். அந்தத் தூரத்துல முகம் தெரியாது. ஆள வரையாதீங்க, ஆள் மேல விழுந்த வெயில வரையுங்க.” மற்றவர்கள் தொப்பி போட்ட சுற்றுலாக்காரரையும் குடை பிடித்த அம்மாவையும் வைத்தார்கள். வேடியப்பன் ஒரு காலை நேரத்தை நினைத்துக்கொண்டார். அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், பூங்கா வாசலில் இருக்கும் வால்வைத் திறக்க வந்தபோது, ரோஜாப் பாத்தியில் அவள் முதுகு தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். மூன்றாவது தெருவுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடாமல் போய்விட்டார். அந்த முதுகை எடுத்தார். சட்டைக்கு ஒரு நீலம். கீழே புடவைக்கு ஒரு அரக்கு. தலைத்துண்டுக்கு ஒரு வெள்ளை. நீட்டிய கைக்கு ஒரு மண்நிறம். பூவாளிக்கு ஒரு சாம்பல்.

ஆறாவதாகத் தூரிகை இறங்குவதற்குள் நிலோஃபர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “போதும்ணா. தொடாதீங்க. வந்துட்டாங்க.”

எண்ணெய் வண்ணம் காய மாதக்கணக்காகும் என்பதால் படத்தைக் கண்ணாடி போடாமல் வீட்டில் முன்னறைப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்தார். திங்கட்கிழமை பார்த்தபோது அவள் ரோஜாப் பாத்தியை விட்டு டேலியாப் பாத்தியில் நின்றாள். செவ்வாய்க்கிழமை படத்தில் ஆளே இல்லை. பெயின்ட் உதிர்ந்துவிட்டதோ என்று பெட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடினார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் குழாயடியில் பூவாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் தபால் நிலையத்துக்குப் போய் எஸ்தரிடம் விஷயத்தைச் சொன்னார். எஸ்தர் ஒரு பார்சலுக்கு முத்திரை குத்திக்கொண்டே யோசித்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை பூங்கா லீவு இல்லீங்களா,” என்றார். அவருக்கும் அது சரியாகப் பட்டது.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று, அந்த ஒரு வாரமும் யாரும் மந்திரம் என்றோ மாயம் என்றோ சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவள் வேலைக்குப் போகிறாள் என்றுதான் பேச்சு. எட்டு மணிக்கு வந்தாள், ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போனாள், இரண்டுக்கு வந்தாள், ஐந்துக்குப் பூவாளியைக் குழாயடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இடது ஓரமாக வெளியே போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறத்தையும் கீரையையும் எடுத்துக்கொண்டு வந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்து, யார் வீட்டில் பெண் பார்த்தார்கள், யார் வீட்டு மாடு ஈன்றது என்று அவள் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே ஆய்ந்தார்கள். பூங்கா கண்காணிப்பாளர் கேள்விப்பட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “டேலியாவுக்கு இவ்ளோ தண்ணி வேண்டாம்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன், கேக்கவே மாட்டா,” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் நாலைந்து பேர் நிலோஃபரிடம் போய்த் தங்கள் வீட்டுச் செத்தவர்களை வரைந்து தரச் சொன்னார்கள். அவள் யாருக்கும் வரைந்து தரவில்லை, வரையச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் படத்திலும் ஒருவரும் அசையவில்லை. “நீங்க மூக்கு வச்சிட்டீங்க, மீசை வச்சிட்டீங்க, வாட்ச் கூட கட்டி விட்டுட்டீங்க,” என்றார் எஸ்தர் அவர்களிடம். “அவரு அஞ்சோட நிறுத்துனாரு.”

வேடியப்பன் எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை படத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார், அவள் திரும்புவாளா என்று. தெருக்களுக்குத் தண்ணீர் வருகிற நேரம் மாறிப்போயிற்று. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ஒரு மணி நெருங்கும்போது பெண்கள் குடங்களைக் குழாயடியில் வரிசை வைத்துவிட்டு, “அவ சாப்டப் போயிட்டாளான்னு பாருங்கடி, போனாத்தான் நமக்கு வருவாரு” என்பார்கள்.

ஆனால் அவள் திரும்பவில்லை. நாற்றுக்குக் குனிந்தாள், நிமிர்ந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள், முதுகாகவே. “தீர்த்தா” என்று அவர் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். குழாயடிச் சத்தத்தில் கேட்கவில்லை போல. முகம் வரையக் கற்றுக்கொடுக்கச் சொல்லி நிலோஃபரைக் கேட்டார், ஓர் அட்டையில் முயன்றார். ஆதார் அட்டைக்காரிதான் வந்தாள்.

“பார்த்ததத்தாண்ணா வரைய முடியும்,” என்றாள் நிலோஃபர், அழாத குறையாக.

“பதினேழு வருசம் பார்த்தேன் டீச்சர்.”

அந்த மாதம் வகுப்பு முடிந்தது.

தீர்த்தம்மாவுக்குத் தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவரும் எஸ்தர்தான். வரைந்தது காய்ச்சலுக்கு முந்தின நாள் முதுகு. அந்த முதுகுக்கு மறுநாள் காய்ச்சல் என்பதும் மூன்றாம் நாள் என்ன என்பதும் எப்படித் தெரியும்? அவள் இன்னும் அந்த வெயிலில்தான் இருக்கிறாள். தெரிந்தால் வேலைக்கு வரமாட்டாள். இதை எஸ்தர் ஒருவரிடம் சொல்ல, அவர் ஒருவரிடம் சொல்ல, அந்தி சாய்வதற்குள் தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. படத்துக்கு மாலை கிடையாது, பொட்டு கிடையாது, விளக்கு கிடையாது. கீரை ஆய வருகிறவர்கள் சாவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. தெருவில் சாவு ஊர்வலம் வந்தால் அவர் வீட்டு முனையில் பறையை நிறுத்திவிட்டு, பிணத்தோடு பத்து வீடு சும்மா நடந்துபோய், அப்புறம் அடிக்கத் தொடங்குவார்கள். இறந்துபோனவர்களின் வீட்டாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. மாலை போடுவதற்கென்று படம் வரையப் போன மனிதர், மாலை என்ற சொல்லையே வீட்டுக்குள் சொல்லாமல் எட்டு மாதம் இருந்தார்.

ஐப்பசி வந்தது. வருஷம் திரும்புகிறது என்று தீர்த்தம்மாவின் அக்கா மாதம்மா கீழே இருந்து பேருந்தேறி வந்தார், மடியில் கருவாட்டுப் பொட்டலத்தோடு. படத்தைப் பார்த்தார். தங்கையின் முதுகைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, அங்கே அழுதுவிட்டு வந்தார். வேடியப்பன் விஷயத்தைச் சொன்னார். வருஷப் படையல் வேண்டாம் என்றார்.

“வேண்டாமா? என்னா மாப்ள பேசறீங்க?” மாதம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சண்டை போட்டார். “வருசம் ஒரு நாளு. அந்தச் சோறு இல்லாட்டி அடுத்த வருசம் வரைக்கும் பட்டினி. ஊருக்கெல்லாம் தண்ணி தொறந்து வுடறீங்க, எந் தங்கச்சிக்கு ஒரு வாய் தண்ணி வெக்க மாட்டீங்களா?”

“தெரிஞ்சுக்கிட்டா போயிருவா, நங்கையா,” என்றார், மனைவியின் அக்காவை அழைக்கிற முறையில்.

“உங்களுக்கு அவ முதுகு போதும். அவளுக்கு வயிறு இருக்குதில்ல?”

மறுநாள் காலை வேடியப்பன் ஒரு வழி சொன்னார். படையல் போடலாம். ஆனால் மாலை வேண்டாம், பொட்டு வேண்டாம், விளக்கு, சூடம், ஊதுபத்தி ஒன்றும் வேண்டாம். அவளுக்குப் பிடித்த களியும் கருவாட்டுக் குழம்பும், கடைந்த கீரையும், ஒரு சொம்பு தண்ணீரும். ஒரு மணிக்கு, அவள் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்துக்கு, சாப்பிட வா என்று வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறேன். அவளுக்குச் சோறும் ஆகும் என்றார். அவர் சொல்லாமல் விட்டது மாதம்மாவுக்கும் விளங்கியது: சாப்பிடக் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாதம்மா சமைத்தார். அவர்கள் பக்கத்து வழக்கப்படி படையலுக்கு இலை போட வேண்டியது புருஷன் கை, அதனால் வேடியப்பன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு படத்தின் முன்னால் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார், களியை வைத்தார், குழிபறித்துக் குழம்பை ஊற்றினார். செத்தவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவதும் வழக்கம். மாதம்மாவும் எஸ்தரும் தெருப் பெண்களும் வெளியே வந்து நின்றார்கள். கதவு சாத்திக்கொண்டது. வேடியப்பன் வெளியே வரவில்லை.

உள்ளே நடந்ததை அவர் எஸ்தரிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். எஸ்தர் மகளிடம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் நிறுத்தி, “இத நான் பாக்கல, அவர் சொன்னதுதான்,” என்பாராம்.

அவர் கூப்பிட்டார். “தீர்த்தா, சோறு ஆறுது. சாப்ட வா.”

அவள் கை நின்றது. பூவாளியைக் கீழே வைத்தாள். திரும்பினாள்.

தூரத்தில் அவள் முகம் ஒரே ஒரு தீற்றல், வெயில் பட்ட செம்மண் நிறம். அவள் பாதையில் நடந்து வர வர அந்த ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. கன்னத்தில் ஆரஞ்சும் கழுத்துக்குக் கீழே கத்தரிப்பூவும் நெற்றி ஓரத்தில் துண்டின் வெள்ளையும் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ரோஜாப் பாத்தியைத் தாண்டும்போது புருவம் வந்தது, கல் பெஞ்சைத் தாண்டும்போது வாய் வந்தது. படத்தின் முன்விளிம்பில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவளைப் போல அவள் வந்து நின்றபோது, காய்ச்சலில் கிடந்த முகம் அவர் தலையை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டது. மூக்குத்தி வலப்பக்கம். வேலைக்கு நடுவில் கூப்பிட்டுவிட்டாரே என்று கொஞ்சம் அலுப்பு, கூப்பிட்டாரே என்று கொஞ்சம் சிரிப்பு. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

“வா,” என்றார்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்காரப் போகிறவள் போல இலையைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

சாப்பிட உட்காருகிறவருக்கு இலையின் நுனி இடக்கைப் பக்கம் வர வேண்டும். செத்தவர்களுக்குப் போடும்போது நுனியை வலக்கைப் பக்கம் வைப்பார்கள். அந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கு இலை போடுவது பெண்கள். ஆண்கள் கை இலை தொடுவது படையலுக்கு மட்டும். வேடியப்பன் அப்பாவுக்குப் போட்டிருக்கிறார், அம்மாவுக்குப் போட்டிருக்கிறார், ஆடி அமாவாசைக்குப் போட்டிருக்கிறார். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட மனைவிக்கு இலை போட்டுச் சோறு வைத்ததில்லை. மாலையை ஒளித்தார், விளக்கை ஒளித்தார், ஊரையே வாயடக்கினார். கையை ஒளிக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கைக்கு இலை போட ஒரே ஒரு விதம்தான் தெரிந்திருந்தது.

அவள் இலையின் நுனியைப் பார்த்தாள். பிறகு களியைப் பார்த்தாள், குழம்பைப் பார்த்தாள், ஈரத் துண்டோடு நிற்கிற அவரைப் பார்த்தாள், சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக இறங்கியது. கோபமும் இல்லை, பயமும் இல்லை என்றார் வேடியப்பன். ஒரு வருஷமாக எல்லோரும் அறிந்த ஒன்றைத் தான் மட்டும் அறியாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறோம் என்று தெரிந்த ஒருத்தியின் வெட்கம் மட்டும் இருந்தது. அவர் பாய்ந்து இலையைத் திருப்பினார். குழம்பு தரையில் வழிந்தது. அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. திரும்பி நடந்தாள். பாத்தியில் விட்டு வந்த பூவாளியை எடுத்து, மிச்சத் தண்ணீரை டேலியாவுக்கு ஊற்றினாள், குழாயடியில் கவிழ்த்தாள். நீலச் சட்டையைக் கழற்றி மடித்து, கல் பெஞ்சின்மேல் வைத்தாள். இடது ஓரமாக வெளியே போனாள். மணி அப்போது ஒன்று பத்து.

மாதம்மா கதவைத் திறந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“என்னா மாப்ள? வந்தாளா?”

“எலைய மாத்திப் போட்டுட்டேன், நங்கையா.”

மாதம்மா திருப்பிய இலையையும் வழிந்த குழம்பையும் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார். அவரைத் திட்டுவதற்கென்று ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போயிற்று. “சரியாத்தாண்டா போட்டிருக்கற,” என்று மட்டும் சொன்னார். அவரை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. புதன், வியாழன் என்று எண்ணி, ஒரு மாதம் ஆனதும் பெண்கள் கீரையைத் தங்கள் வீட்டிலேயே ஆயத் தொடங்கினார்கள். தண்ணீர் பழையபடி விடியற்காலையில் வந்தது, யாருக்கும் அது சந்தோஷமாக இல்லை.

கார்த்திகையில் அவர் சேலத்துக்கு இறங்கி நிலோஃபர் வீட்டைத் தேடிப் போனார். படத்தை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துப் போயிருந்தார்.

“டீச்சர், இதுக்கு இடது பக்கம் என்ன இருக்குது?”

“ஒண்ணும் இல்லண்ணா. அதோட படம் முடிஞ்சிருச்சு.”

“பாதை முடியலயே.”

நிலோஃபர் படத்தையும் பெஞ்சின்மேல் இருந்த மடித்த நீலத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய் அதே அளவில் ஒரு வெறும் கித்தானைக் கொண்டுவந்து படத்தின் இடப்பக்கம் ஒட்டி வைத்தாள். “பாதையோட ஓரத்துலேருந்து ஆரம்பிங்க. அதே வெயில்,” என்றாள். “அதே வெயில் வரணும்ணா, அதுதான் கஷ்டம்.”

அவர் வரைந்தார். இரண்டாவது படத்தில் பாதை பூங்கா வாசலுக்குப் போயிற்று. மூன்றாவதில் வாசலுக்கு வெளியே கிளிக்கூண்டு தொங்கும் டீக்கடை. அவள் எங்கே போயிருப்பாள் என்பதில் அப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை, வேலை முடிந்தால் வீட்டுக்குத்தானே வருவாள். ஆகவே நாலாவதில் கடைவீதி, ஐந்தாவதில் மாதாகோயில் மேடு என்று மாதத்துக்கு ஒன்றாக, எங்கும் அதே ஐப்பசிக் காலை வெயிலாக, வீட்டை நோக்கி வரைந்துகொண்டே வந்தார். பன்னிரண்டாவது படத்தில் அவருடைய வீட்டுக் கதவு வந்தது. கதவு திறந்திருந்தது. அவர் ஒரு வாரம் காத்திருந்தார். கதவுக்கு வெளியேயும் உள்ளேயும் வெயில்தான் இருந்தது. பிறகு மறுபடி டீக்கடைக்குப் போய், அங்கே பிரிகிற இன்னொரு சாலையை, மயானத்துக்குப் போகிறதை, வரையத் தொடங்கினார்.

போன வைகாசியில் கிரேசியோடு நான் தேன்குன்றுக்குப் போனேன். படங்கள் முன்னறையில் சுவர் கொள்ளாமல் சுற்றி வந்து சமையலறைக்குள் நுழைந்திருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. கடைசிப் படம் ஒரு சாலைத் திருப்பம், படத்தின் இடது ஓரத்தில் ஒரு புளியமரம். மற்றவற்றுக்கு மாதம் ஒன்று ஆனதாம், இது மட்டும் ஐந்தாவது வருஷமாக ஈரமாகவே இருக்கிறது, ஏனென்றால் முடியப்போகிற நேரத்தில் ஒவ்வொரு முறையும் அவர் தட்டைக் கத்தியால் வழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். வெயில் சரியாக வரவில்லை என்றார்.

மறுநாள் காலை நான் மட்டும் அந்தச் சாலையில் போனேன். திருப்பம் இருக்கிறது, புளியமரம் இருக்கிறது. அவருடைய படங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு எட்டு வைத்து நடக்கிற தூரம் அடங்கியிருக்கிறது, அதை முதலில் டீக்கடையிலிருந்து நடந்து உறுதி செய்துகொண்டேன். பிறகு புளியமரத்திலிருந்து மயானத்து வாசல்வரை எண்ணினேன். தவறிவிடக் கூடாதென்று திரும்பி வரும்போதும் எண்ணினேன். ஒரே படத்தில் அடங்கிவிடுகிற தூரம், அறுபத்து நான்கு எட்டு.